துப்பட்டாவின் மறுமுனை

நாற்காலியின் ஒரு கால் குட்டை. வலப்பக்கம் சாய்ந்தால் டக் என்றது, இடப்பக்கம் சாய்ந்தால் இன்னொரு டக். மூன்று வருஷமாகக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் இருந்தும், மாற்று ஆட்டக்காரிகள் உட்காரும் நாற்காலிகளுக்கு இப்படித் தனித்தனிக் குணம் உண்டென்பது எப்சிபாவுக்கு இந்தத் தை மாதத்தில்தான் தெரியவந்தது. போன வாரம் கோவில்பட்டியில் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கை இல்லை. அதற்கு முந்திய ஊரில் யாரோ காம்பஸ் முனையால் நாற்காலிக் கையில் தன் பெயரைக் கீறப் பார்த்து, பாதியில் அலுத்து விட்டிருந்தார்கள். ஆட்டம் முடிகிற வரைக்கும் அவளுடைய கட்டைவிரல் அந்தப் பாதிப் பெயரிலேயே போய்வந்துகொண்டிருந்தது. இங்கே தூத்துக்குடியில் குட்டைக் கால். கடல்காற்று வேறு. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது, ஓடாமலே வேர்த்துவிட்டதோ என்று ஒரு கணம் ஏமாந்துபோனாள். சிமென்ட் தரையில் பந்து தட்டுகிற சத்தம் காற்று எதிர்த்து அடிக்கும்போது மங்கி, விடும்போது காதுக்குள்ளேயே தட்டுவதுபோலக் கேட்டது. பல்கலைக்கழகப் போட்டியின் அரையிறுதி, மூன்றாவது பகுதி ஆட்டம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த இவர்கள் நாகர்கோவில்காரிகளைவிட எட்டுப் புள்ளி முன்னால். அவள் இல்லாமலே எட்டுப் புள்ளி முன்னால். பின்னால், படிக்கட்டில், மடியில் மஞ்சப்பையோடு அம்மா. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட மகள் ஆடுவதைப் பார்க்க அம்மாவுக்கு வாய்த்ததில்லை. சாயர்புரத்தில் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவளுக்கு மதியம் இரண்டு மணிக்கு முன் பூமி அசைந்தாலும் நகர முடியாது. இன்று ஆட்டம் சாயங்காலம், ஊரும் பக்கம். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு முதல் படியிலேயே உட்கார்ந்து, மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை முதல் பாதி முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள். இடைவேளையில் இறங்கி வந்து கேட்டாள்: “ஏட்டி, எல்லாரும் ஓடுதாவ, உன்னிய மட்டும் ஏன் உக்கார வச்சிருக்கு? காலு வலிக்கா?” ஆமாம்மா, முழங்கால் வலி என்று வாய் சொல்லிவிட்டது. மனசு அதற்குள் போய் வாயைப் பொத்தவில்லை. அம்மா வெளியே போய், எதிரே இருந்த மருந்துக்கடையில் தைலம் ஒரு பாட்டில் வாங்கி வந்துவிட்டாள். இப்போது அது மஞ்சப்பைக்குள் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் எடுத்து நீட்டுவாள் என்பதால் எப்சிபா திரும்பவில்லை.

வலி இல்லாத முழங்காலைச் சும்மா தடவிக்கொண்டாள். பொய் சொன்ன இடம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது, இரண்டையும் தடவினாள். இந்தக் கால்கள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பதினோராம் வகுப்பிலேயே ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைவு. கோயிலில் ஞானப்பாட்டு பாடும்போது பின்வரிசையில் நிற்கச் சொல்வார்கள், பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் கூரையைப் பிடித்துக்கொண்டு வருவாள், தையல்காரர் சுரிதார் துணியைக் கையில் வாங்கியதும் இன்னும் அரை மீட்டர் எடுத்திட்டு வாம்மா என்பார். ஊரில் அது ஒரு கூத்து. பாளையங்கோட்டைக்கு வந்தபின் அதே உயரம் சொத்தாகிவிட்டது. உடற்கல்வித் துறையின் ரெஜினா மேடம் முதல் நாளே அவளைக் கூடைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, “இதான் உன் வீடு. இங்கன நில்லு, பந்து உன்னியத் தேடி வரும்” என்றார். வந்தது. இரண்டரை வருஷம் வந்துகொண்டே இருந்தது. கேப்டன் இசக்கி வெளிக்கோட்டிலிருந்து உயர்த்திப் போடுவாள், எப்சிபா ஒரு கையால் பறித்து, இடத்தோள்பக்கம் திரும்பி, அப்படியே வைப்பாள். இதைத் தவிர அணிக்கு வேறு வித்தை கிடையாது, தேவைப்படவும் இல்லை. தடுப்பாட்டத்துக்கும் ஒரே வித்தைதான்: அவரவர்க்கு ஓர் எதிராளி, அவள் எங்கே போனாலும் விடாமல் ஒட்டிக்கொள்வது. அதற்கு அணியில் பெயர் அட்டை. “அட்டை போடுங்கட்டி” என்று மேடம் கோட்டுக்கு வெளியேயிருந்து குரல் கொடுத்தால் எதிரணிக்கு மூச்சு முட்டும். டிசம்பரில் திருவனந்தபுரம் போகும்வரை எல்லாம் இப்படித்தான் இருந்தது. அங்கே எப்சிபாவுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி நின்றார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். பந்து வரவில்லை. ஆட்டம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள், ரேஷன் கடையில் சாமான் தீர்ந்த பிறகும் பையை விரித்துப் பிடித்திருப்பவள் மாதிரி. முப்பது புள்ளியில் தோற்றுத் திரும்பிய ரயிலில் மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கிறிஸ்மஸ் லீவு முடிந்து விடுதிக்கு வந்தபோது அணி வேறாக இருந்தது. கூடைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம். ஐந்து பேரும் வெளியே பரவி ஓடுவார்கள், ஓடி ஓடி இடம் உண்டாக்குவார்கள். தடுப்பதற்கு ஆள்மேல் ஒட்டுவதில்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், அவரவர் இடத்தைக் காப்பது. எதிராளி போனால் போகட்டும், அடுத்த இடத்துக்காரி பார்த்துக்கொள்வாள். அதற்குக் குடை என்று பெயர் வைத்தார்கள். குடையின் நடுக்கம்பு, பின்வரிசை நடுவில், கூடைக்கு நேர் கீழே நிற்பவள். எப்சிபாவின் வீடு. அங்கே இப்போது சுமையா நிற்கிறாள்.

சுமையா இரண்டாம் வருஷம், மேலப்பாளையத்துக்காரி. முழுக்கைச் சட்டையும் தலையை இறுக்கிய கறுப்புத் துணியுமாக, எப்சிபாவின் தோளுக்குத்தான் வருவாள், ஆனால் குதித்தால் ஏதோ தரை அவளை வேண்டாமென்று தள்ளிவிட்ட மாதிரி மேலே போவாள். ஓடினால் திரும்பிவருவதற்குள் இன்னொரு தடவை ஓடிவிடுவாள். மேடம் தேர்ந்தெடுத்ததில் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல முடியாததுதான் எப்சிபாவுக்குத் தாங்கவில்லை. ஒரு வம்பு, ஒரு பாரபட்சம், யாரோ சிபாரிசு என்றால் இரவு படுத்து நன்றாக அழலாம். இதில் அழவும் வழியில்லை. இசக்கி பந்தை வலக்கோட்டுக்கு அனுப்பினாள், அங்கிருந்து இடக்கோட்டுக்கு, அங்கிருந்து சுமையாவுக்கு. சுமையா எம்பியபோது எப்சிபா மனசுக்குள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிறகுதான் காதில் விழுந்தது: விழக் கூடாது. பந்து வளையத்தில் சுற்றி வெளியே போயிற்று. தன் ஜெபம் இத்தனை சீக்கிரம் கேட்கப்பட்டதில்லை என்று நினைத்ததும் முகம் சுட்டது. கைதட்டுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டாள், யாராவது பார்த்தால் ஊக்கப்படுத்துகிறாள் என்று நினைப்பார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்துக்கு அடியில், சட்டிக்கு அடியில் கங்கு கிடப்பதுபோல, சந்தோஷம் கிடந்தது. சரி, போகட்டும், அடுத்த பந்துக்கு நல்லது நினைப்போம். நாகர்கோவில்காரிகள் பந்தைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். எப்சிபாவின் கண் பழக்கதோஷத்தில் கூடைக்குக் கீழே போய் நின்றது. வாடகைக்கு விட்ட வீட்டின் வழியாகப் போகும்போது வாசலைப் பார்க்காமல் யாரால் போக முடியும். அப்போதுதான் அதைக் கண்டாள். எதிரணியின் ஒன்பதாம் நம்பர் இடது மூலைக்கு ஓடினாள், சுமையா அவள் பின்னாலேயே ஓடினாள். அந்த மூலைக்கு ஏற்கெனவே நம் ஆள் ஒருத்தி இருக்கிறாள். ஒரு மூலையில் இரண்டு பேர், கூடைக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான், வீடு திறந்து கிடந்தது. பிறகு சுமையா திரும்பி வந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. பந்து அப்போது வலப்பக்கம் இருந்தது. தற்செயலாக இருக்கும் என்று எப்சிபா நினைத்தாள், அடுத்த தடவையும் அதே ஒன்பது ஓட, அதே சுமையா ஓட, தற்செயல் இல்லை என்று தெரிந்துபோயிற்று. அது துப்பட்டா.

போன வருஷம் முழுக்க அந்தத் துப்பட்டா. அட்டை பழகுவதற்கு மேடம் கண்டுபிடித்த வழி அது; வேறெந்தக் கல்லூரியிலும் கேள்விப்பட்டதில்லை. பழைய துப்பட்டா ஒன்றின் ஒரு முனையைத் தடுப்பவளின் இடுப்பில் கட்டுவது, மறுமுனையை எதிராளியாக நடிப்பவளின் இடுப்பில். எதிராளி இஷ்டத்துக்கு ஓடலாம், திரும்பலாம், ஏய்க்கலாம். துப்பட்டா இறுகாமல் தடுப்பவள் கூடவே போக வேண்டும். இறுகினால் மைதானத்தை இரண்டு சுற்று. சுமையாவின் துப்பட்டாவுக்கு மறுமுனை எப்சிபாதான். மாம்பழ நிறம், ஓரத்தில் சரிகை போன இடம் நூல் நூலாக நிற்கும், யாருடைய பெட்டியிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. முதல் வாரம் சுமையா விழுந்தாள், விழுந்தபோது எப்சிபாவும் கூடவே விழுந்தாள், இரண்டு பேருக்கும் அதே முட்டியில் அதே மாதிரி சிராய்ப்பு. விடுதியில் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டெட்டால் போட்டுக்கொண்டார்கள். “எக்கா, நீங்க ஒரு எட்டு வச்சா எனக்கு மூணு எட்டு” என்றாள் அந்தப் பிள்ளை. நோன்பு மாசத்தில் தண்ணீர் குடிக்காமல் ஓடினாள், எப்சிபா அவளுக்காக மெதுவாக ஓடினாள், மேடம் கண்டுபிடித்து இரண்டு பேரையும் சுற்ற விட்டார். வருஷம் முடியும்போது துப்பட்டா ஒரு தரம்கூட இறுகவில்லை. எப்சிபா இடப்பக்கம் போக நினைத்தாலே சுமையா அங்கே நின்றாள். நினைப்பதற்கும் ஒரு முடிச்சு உண்டோ என்று ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. ஆளைப் பார்த்தால் பின்னால் போ. குடையில் அது ஆகாது. குடையில் நடுக்கம்பு நகர்ந்தால் மழை உள்ளே. மேடத்துக்கு இது தெரியாது, ஏனென்றால் மேடம் பந்தைப் பார்க்கிறார். இசக்கிக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் முன்வரிசையில், அவள் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. சுமையாவுக்கே தெரியாது. இந்த மைதானத்தில் எப்சிபா ஒருத்திக்குத்தான் தெரியும். நாகர்கோவில்காரிகளுக்கு இன்னும் தெரியாது. இன்னும். நெற்றியில் பட்டை கட்டிய நாலாம் நம்பர் இப்போது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்சிபா பார்க்கிற இடத்தையே பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

சொல்லிவிடலாம். என்ன பெரிய விஷயம். மேடம், அவ எடத்த விட்டுப் போறா. ஐந்து வார்த்தை. மேடம் இரண்டு நாற்காலி தள்ளித்தான் நிற்கிறார், அவருடைய விசில் கயிறு காற்றில் பறந்து பறந்து சட்டைப் பித்தானில் மாட்டிக்கொள்கிறது. எப்சிபா வாயைத் திறந்தாள், உப்புக்காற்று உள்ளே போயிற்று, மூடிக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும். சுமையா திருந்துவாள், குடை நிற்கும், ஜெயிப்பார்கள். நாளைக்கு இறுதி ஆட்டம் வரும், அதிலும் குடைதான், அதிலும் நாற்காலிதான். சொல்லாவிட்டால் என்ன ஆகும். எட்டு ஆறாகும், ஆறு நாலாகும், மேடத்துக்கு வேறு வழி தோன்றாது, பழைய அட்டைக்குத் திரும்புவார். அட்டைக்கு உயரம் வேண்டும். எப்சி, எந்திரி என்பார். படிக்கட்டில் இருக்கிற அம்மா பார்ப்பாள். பந்து உயரத்தில் வரும், இவள் ஒரு கையால் பறிப்பாள், இடத்தோள்பக்கம் திரும்புவாள். அம்மா ஒரு தரம் பார்த்தால் போதும். இது கடைசி வருஷம், இன்று தோற்றால் இதுவே கடைசி ஆட்டம், அம்மா பார்க்கிற முதல் ஆட்டமும் இதுதான், இரண்டும் ஒரே சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் ஒன்றும் கெடுதல் செய்யவில்லையே, அவள் சமாதானம் செய்துகொண்டாள், சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறேன். டக். மாற்று ஆட்டக்காரி யோசனை சொல்ல வேண்டுமென்று யார் சொன்னது. டக். நாலாம் நம்பர் பந்தைப் போட்டாள். சுமையா மூலைக்குப் போயிருந்த அந்த ஒரு மூச்சில் பந்து திறந்த வீட்டுக்குள் நுழைந்தது, வேறொருத்தி ஓடி வந்து யாரும் இல்லாத இடத்தில் சாவகாசமாக வைத்துவிட்டுப் போனாள். நாகர்கோவில் பக்கத்தில் கைதட்டல். எட்டு ஆறாயிற்று. சுமையா தன் இடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், எந்தக் கதவு வழியாகத் திருடன் வந்தான் என்று. அவள் முகத்தைப் பார்க்காமல் எப்சிபா தன் ஷூ லேசைப் பார்த்தாள். லேஸ் சரியாகத்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

கட்டும்போது ஒரு வாக்கியம் வந்தது. கூப்பிடாமல் வந்தது. துப்பட்டாவின் அந்த முனையைக் கூடைக் கம்பத்தில் கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள். அவ்வளவுதான். சுமையாவுக்கு இதைச் சொன்னால் போதும், வரைபடம் வேண்டாம், விசில் வேண்டாம், அவள் உடம்புக்கே புரிந்துவிடும், ஒரு வருஷம் இடுப்பில் சுமந்தது அல்லவா. இத்தனை பொருத்தமான வாக்கியம் தனக்கு ஏன் வர வேண்டும் என்று எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. பரீட்சையில் எழுதும்போது வராத வாக்கியமெல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறது. அதை விழுங்கப் பார்த்தாள், மீன்முள்போல நடுத்தொண்டையில் நின்றது. சரி, வேறு எதையாவது நினைப்போம். விடுதியை நினைத்தாள். சித்திரை வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களுக்காகப் போட்ட ஸ்டூலைத் திருப்பித் தர வேண்டும். ஊருக்குப் போனால் மறுபடியும் பின்வரிசை, மறுபடியும் அரை மீட்டர். இத்தனை உயரத்துக்கு எங்க போயி மாப்பிள்ள தேட என்று பெரியம்மா ஆரம்பிப்பாள். பந்து தேடி வராத இடத்தில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிற பயம், ராத்திரி விசிறி சத்தத்துக்கு நடுவே வருகிற பயம், இப்போது சாயங்கால வெளிச்சத்திலேயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று அதற்குச் சொன்னாள். அது நம்பவில்லை. ஆறு நாலாயிற்று. மறுபடியும் அதே மூலை, அதே ஓட்டம். நாலு இரண்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் எப்சிபாவின் உள்ளங்கால் நாற்காலிக்கு அடியில் அரையடி இடப்பக்கம் நகர்ந்தது, அங்கே நில், அங்கேயே நில் என்று. கால் சொல்வதை வாய் சொல்லவில்லை. மேடம் ஸ்கோர் மேஜைக்காரரைப் பார்த்துக் கையை டி மாதிரி வைத்து டைம்-அவுட் கேட்டார். விசில் ஒலித்தது.

ஐந்து பேரும் ஆவி பறக்க வந்து சேர்ந்தார்கள். வேர்வையும் வலிக்கு அடிக்கிற மருந்துமாக ஒரு வாடை. அது மட்டும் மாறவில்லை, அந்த வாடைக்குள் எப்சிபாவுக்கு இன்னும் இடமிருந்தது. இசக்கி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எங்கன ஒழுகுதுன்னே தெரியல மேடம். நான் முன்னால அடைச்சிட்டுத்தான் நிக்கேன்.” மேடம் ஒரு நொடி மைதானத்தைப் பார்த்தார். “போதும். குடைய மடக்குங்க. அட்டைக்குப் போயிருவோம். எப்சி, ஜாக்கெட்டக் கழத்து. சுமையா, நீ உக்காரு.”

கேட்டது கிடைத்துவிட்டது. எப்சிபா ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை. பின்னால் படிக்கட்டில் அம்மா எழுந்து நின்றிருப்பாள். ஒரு கையை வெளியே எடுத்தாயிற்று. சுமையா வந்து குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்தாள், டக். பாட்டிலைத் திறந்தவள் குடிக்காமல் நிமிர்ந்து, மேல்மூச்சு வாங்க, “எக்கா, அந்த ஒம்பதாம் நம்பரு வலப்பக்கம் போற மாதிரி காட்டிட்டு இடப்பக்கந்தான் திரும்புதா. ஏமாந்துராதீங்க” என்றாள்.

எப்சிபாவின் மறுகை ஜாக்கெட்டுக்குள்ளேயே நின்றது. இந்தப் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. கையில் இருந்ததை எடுத்து, தன்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போகிறவளிடமே நீட்டுகிறது. பெருந்தன்மை, தியாகம் என்றெல்லாம் பிறகு யாராவது சொல்லியிருந்தால் எப்சிபா சிரித்திருப்பாள். அந்த நொடியில் அவளுக்கு வந்தது சுத்தமான எரிச்சல். தன் அடுக்களையில் யாரோ உப்பு ஜாடியை இடம் மாற்றி வைத்துவிட்டுத் தேடுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

“நீ ஏன்ட்டி அவ பொறத்தால ஓடுத?”

“எப்பக்கா?”

“எப்பவுந்தான். ஒம்பது மூலைக்குப் போனா நீயும் போற. அங்கன நம்ம ஆளு நிக்கால்லா. கூடைக்குக் கீழ ஈ காக்கா இல்ல. அந்த நாலாம் நம்பரு அதத்தான் பாத்துப் பாத்துப் போடுதா.” முள் வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது. “மாம்பழத் துப்பட்டா இடுப்புல இருக்குன்னு வச்சுக்கோ. மறுமுனை அவகிட்ட இல்ல. அந்தக் கம்பத்துல கட்டியிருக்கு. எட்டுற மட்டும் போ. இழுத்துச்சுன்னா திரும்பிரு.”

சுமையா கம்பத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். ஒரு சின்ன ‘ஓ’ மட்டும் வந்தது. இசக்கி, “ஆமா மேடம். அதான். எனக்குப் பின்னாலதான் ஒழுகுது” என்றாள். மேடம் எப்சிபாவை உற்றுப் பார்த்தார், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நிற்கிற அந்த உயரத்தை. எவ்வளவு நேரமாக இது உனக்குத் தெரியும் என்று கேட்பார் என எப்சிபா பயந்தாள். அவர் கேட்கவில்லை. நடுவர் கையசைத்தார். “குடையே இருக்கட்டும்” என்றார் மேடம். “சுமையா, எந்திரி. எப்சி...” அவள் தோளைத் தொட எட்டாமல் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

சொல்லியிருக்க வேண்டாம். உட்கார்ந்த மறுகணமே தோன்றிவிட்டது. டக். நாற்காலி சூடாக இருந்தது, அந்தப் பிள்ளையின் சூடு. வெளியே வந்த கையை மறுபடியும் ஜாக்கெட்டுக்குள் நுழைப்பது கழற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, துணி வேர்வையில் ஒட்டிக்கொண்டது. முட்டாள், முட்டாள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் உள்ளே நின்றிருக்கலாம், பிறகு சொல்லியிருக்கலாம், அடுத்த இடைவேளையில் சொல்லியிருக்கலாம், தூத்துக்குடியிலிருந்து திரும்பும் வேனில் சொல்லியிருக்கலாம். எதிரணி பந்தைக் கொண்டுவந்தது. இப்போது பந்து எங்கே போகிறதென்று அவள் பார்க்கவில்லை. ஒன்பதாம் நம்பர் வலப்பக்கம் போவதுபோலக் காட்டி இடது மூலைக்கு ஓடினாள். சுமையா ஓடினாள். ஓரடி, இரண்டடி. மூன்றாவது அடி தூக்கிய கால் அப்படியே நின்றது. அவளுடைய இடக்கை பின்னால் போய் இடுப்பைத் தொட்டது. எப்சிபாவுக்குத் தன் இடுப்பில், ஜாக்கெட்டுக்கு உள்ளே, ஒரு துணி மெல்ல இறுகுவது தெரிந்தது, கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. சுமையா திரும்பிவிட்டாள். நாலாம் நம்பர் திறந்த வீடு என்று நினைத்துப் போட்ட பந்து நேராக அவள் நெஞ்சில் வந்து விழுந்தது. அவள் அதை இசக்கிக்கு வீசினாள், இசக்கி ஓடினாள், அப்புறம் நடந்ததை நம் பக்கத்துக் கைதட்டலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எப்சிபா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை. விழக் கூடாது என்று இந்தத் தடவை நினைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. தொண்டையில் முள் இல்லை, அவ்வளவுதான். அதற்கே பெரிதாக மூச்சு விடலாம்போல இருந்தது.

“ஏ பிள்ளா.” அம்மா பின்னாலேயே வந்து நின்றாள், கையில் தைலம். ஆட்டக்காரிகள் பக்கத்துக்கு வேறு ஆள் வரக் கூடாதென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் நின்றிருக்க மாட்டாள். “சட்டையக் கழத்துன, பொறவு மாட்டிக்கிட்ட. வலி கூடிட்டோ?”

ஆமாம் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எப்சிபா அம்மாவைப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரு முழம் கீழே இருந்தது அந்த முகம், பஸ் தூசியும் அடுப்புச் சூடும் இன்னும் போகாமல்.

“காலுக்கு ஒண்ணுமில்லம்மா. சும்மா சொன்னேன்.”

“பொறவு?”

“என்னியவிட அவ நல்லா ஆடுதா. அதான் அவள உள்ள விட்டிருக்கு. உயரமா நிக்கிறவ இப்ப வேண்டாம்னு ஆட்டத்த மாத்திட்டாவ.” சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் உடைந்தது, அதை உடைய விட்டுவிட்டாள்.

அம்மா மைதானத்தைப் பார்த்தாள். பந்தைத் தேடவில்லை, ஆளைத் தேடினாள். “எவ, அந்தத் தலையக் கட்டுன சின்னப் பிள்ளையா?”

“ஆமா.”

“அது தரையில விழுந்து விழுந்துல்லா எந்திக்கி.” பிறகு மகளின் கையைப் பிடித்துத் தைலத்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். “அப்பம் இத நீ வச்சுக்கோ. ஆட்டம் முடிஞ்சு வருவால்லா, அவளுக்குத் தேச்சு விடு.” சொல்லிவிட்டுப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எப்சிபாவும் உட்கார்ந்தாள், டக். காற்று விட்டுவிட்டு வீசியது. நாகர்கோவில்காரிகள் மறுபடியும் வந்தார்கள், ஒன்பது மறுபடியும் மூலைக்கு ஓடினாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

“அவ எதுக்கு இடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாக்கா? அங்கன வலியோ?”

“இல்லம்மா” என்றாள் எப்சிபா. “முடிச்சு இருக்கான்னு பாக்கா.”